12,34,56,789-ஐப் பிரித்து மேய்வது எப்படி?

கால்குலேட்டர் கையில் கிடைத்ததும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகத் தட்டிப் பார்க்காதவர் குறைவு. வரும் எண் பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு இலட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. இதற்கு எத்தனை காரணிகள்? இது பகா எண்ணா? இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத வருமா? இப்படிக் கேட்டால்தான் கை நின்றுவிடும். இவை எல்லாவற்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: பகாக் காரணிகளில். அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. மிச்சமெல்லாம் நாலு வரிக் கணக்கு.

தாள், பேனா, 12 இலக்கக் கால்குலேட்டர் போதும். 8 இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் நுழையவே நுழையாது. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 9-ஆல் பெருக்கினால் 111111111 வரும் வேடிக்கை எண் இதுவல்ல. அது 8 விடுபட்ட 12345679. அதன் காரணிகள் 37, 333667. இரண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

காற்புள்ளியை முதலில் அழியுங்கள்

வகுபடும் தன்மைச் சோதனைகளுக்கு நம் இலட்சம்-கோடிக் காற்புள்ளி பொருந்தாது. நாம் 12,34,56,789 என்று எழுதுகிறோம். 7, 11, 13-க்கான சோதனைக்கு எண்ணை வலமிருந்து மும்மூன்றாக வெட்ட வேண்டும்: 123 | 456 | 789. 11, 101-க்கான சோதனைக்கு இரண்டிரண்டாக: 1 | 23 | 45 | 67 | 89. இருக்கும் காற்புள்ளியை வைத்தே கூட்டிக் கழித்தால் விடை தப்பாகத்தான் வரும், தப்பு என்று தெரியவும் தெரியாது. காற்புள்ளி இல்லாமல் 123456789 என்று தனியாக எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கடைசி இலக்கம் 9. ஆகவே 2, 5 இரண்டும் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 45, அதாவது 9-ஆல் வகுபடும். இலக்கங்களை எந்த வரிசையில் கலைத்துப் போட்டாலும் கூட்டல் 45தான். அதனால் 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரு முறை வரும் 3,62,880 எண்களில் ஒன்றுகூடப் பகா எண் கிடையாது.

9-ஆல் வகுத்தால் 13717421. இங்கே நிறுத்திவிடாமல் மறுபடி இலக்கங்களைக் கூட்டுங்கள்: 26. 3-ஆல் வகுபடாது. ஆக 3 இரண்டே முறைதான். ஒரு காரணி வெளியே வந்ததும் அதே காரணி மீண்டும் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததற்குத் தாவுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை.

அடுத்து 7, 11, 13. 7 × 11 × 13 = 1001 என்பதால் மூன்றுக்கும் ஒரே சோதனை போதும். மும்மூன்றாக வெட்டிய துண்டுகளை மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 789 − 456 + 123 = 456. இந்த 456-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் 5, 13-ஆல் வகுத்தால் 1. மூன்றுமே இல்லை. இந்த மீதிகளை ஓரத்தில் குறித்து வையுங்கள், பிறகு விடையைச் சரிபார்க்கக் கைகொடுக்கும்.

17-லிருந்து மேலே போக, கடைசி இலக்கத்தை வெட்டி ஒரு மடங்கால் சரிக்கட்டும் வழி இருக்கிறது. 17-க்குக் கடைசி இலக்கத்தின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். 19-க்கு 2 மடங்கைக் கூட்ட வேண்டும். 23-க்கு 7 மடங்கு கூட்டல், 29-க்கு 3 மடங்கு கூட்டல், 31-க்கு 3 மடங்கு கழித்தல், 37-க்கு 11 மடங்கு கழித்தல், 41-க்கு 4 மடங்கு கழித்தல், 43-க்கு 13 மடங்கு கூட்டல், 47-க்கு 14 மடங்கு கழித்தல். 17-க்குச் செய்து பார்ப்போம்: 13717421-இல் கடைசி 1-ஐ வெட்டி 5-ஐக் கழித்தால் 1371737. அதில் 7-ஐ வெட்டி 35-ஐக் கழித்தால் 137138. பிறகு 13673, 1352, 125. 125 என்பது 17-ஆல் வகுபடாது, எனவே 17 இல்லை. இந்த வழி வகுபடுமா வகுபடாதா என்று மட்டுமே சொல்லும். கடைசியில் நிற்கும் எண்ணை வைத்து மீதி சொல்ல முடியாது. மீதி வேண்டுமானால் நேராக வகுத்துத்தான் ஆக வேண்டும்.

47 வரை பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

இங்கேதான் வழியை மாற்ற வேண்டும்

பிடிவாதமாக வகுத்துக்கொண்டே போகலாம். 13717421-இன் வர்க்கமூலம் சுமார் 3703.7. அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தால் காரணி கட்டாயம் சிக்கும், இல்லாவிட்டால் எண் பகா எண் என்று முடிவாகிவிடும். ஆனால் 500-வது பகா எண் 3571, நம் எண்ணின் சின்னக் காரணி அதற்கும் அப்பால் இருக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். நடுவில் ஒன்று பிசகினால் மொத்தமும் வீண்.

1643-இல் பிரெஞ்சுக் கணிதர் பியர் தெ ஃபெர்மா ஒரு கடிதத்தில் காட்டிய வழி இங்கே உதவும். ஒற்றை எண் ஒன்று இரண்டு காரணிகளின் பெருக்கலாக இருந்தால், அதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம்: அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ). அ என்பது இரு காரணிகளின் சராசரி. காரணிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் அ வர்க்கமூலத்துக்கு மிக அருகிலேயே இருக்கும். ஆகவே வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே ஏறினால் போதும்.

13717421-க்கு முதல் முயற்சி 3704. 3704² = 13719616. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 2195. இது வர்க்கமா? 5-இல் முடியும் எந்த வர்க்கமும் 25-இல்தான் முடியும். இது 95-இல் முடிகிறது, தள்ளுங்கள்.

அடுத்து 3705. மறுபடி வர்க்கம் எடுக்க வேண்டாம். முந்தைய வித்தியாசத்தோடு 2 × 3704 + 1 = 7409-ஐக் கூட்டினால் போதும்: 2195 + 7409 = 9604. இது 98². அவ்வளவுதான்.

3705 − 98 = 3607
3705 + 98 = 3803

ஐந்நூறு வகுத்தல்கள் செய்ய வேண்டிய வேலை இரண்டே அடியில் முடிந்தது.

9-ஐ வெளியே எடுக்காமல் 123456789-க்கே இதைச் செய்திருந்தால்? 11111² = 123454321. ஆக வர்க்கமூலம் 11111-ஐச் சற்றே தாண்டுகிறது, தொடக்கம் 11112. வித்தியாசங்கள் முறையே 19755, 41980, 64207, 86436. முதல் மூன்றையும் கடைசி இலக்கங்களைப் பார்த்தே தள்ளிவிடலாம்: 55, 80, 7 ஆகியவற்றில் எந்த வர்க்கமும் முடியாது. நான்காவது 294². அதாவது 11115 − 294 = 10821, 11115 + 294 = 11409. இரண்டும் 3-ஆல் வகுபட, உள்ளே அதே 3607-உம் 3803-உம். நான்கு அடியிலும் வந்துவிடுகிறது என்றாலும், சிறு காரணிகளை முதலில் நீக்குவதே நல்லது. ஏன் என்பதற்கு இந்த எண்ணைத் தலைகீழாகப் போட்ட 987654321-ஐப் பாருங்கள்.

அதையும் 9-ஆல் வகுத்தால் 109739369. இது 17² × 379721. சிறு காரணிகளைத் தேடாமல் நேராக ஃபெர்மா வழியில் இறங்கினால் தொடக்கம் 10476. ஆனால் இதன் காரணிகளை எப்படி இணைத்தாலும் மிக நெருக்கமான ஜோடி 289-உம் 379721-உம்தான், அவற்றின் சராசரி 190005. அங்கே போய்ச் சேர 1,79,530 அடி ஏற வேண்டும். வகுத்தல் வழியிலோ 17 ஏழாவது பகா எண். ஆகக் கையால் செய்பவருக்கு நடைமுறை இதுதான்: 50 வரை, பொறுமை இருந்தால் 100 வரை, சிறு பகா எண்களை வகுத்துத் தீருங்கள். பிறகு ஃபெர்மா வழியில் இருபது அடி. அதிலும் சிக்கவில்லை என்றால் மட்டும் வகுத்தலுக்குத் திரும்புங்கள்.

இரண்டு எண்களுக்கும் பொதுவாக 9-ஐத் தவிர வேறு காரணி இருக்கிறதா என்று பார்க்கப் பகுக்கவே வேண்டாம். 123456789 × 8 + 9 = 987654321. மீதி 9, அது 123456789-ஐ மீதியின்றி வகுக்கிறது. பெரியதைச் சிறியதால் வகுத்து, பிறகு மீதியால் வகுத்துத் தொடரும் யூக்ளிட் வழிமுறை ஒரே அடியில் முடிந்து மீப்பெரு பொதுக் காரணி 9 என்று கொடுத்துவிடுகிறது.

3607, 3803 பகா எண்களா?

காரணி கிடைத்த மகிழ்ச்சியில் இதை விட்டுவிடக் கூடாது. ஃபெர்மா வழி இரண்டு காரணிகளைத் தரும், அவை பகா எண்கள் என்று உறுதி தராது. 10821-ஐத் தந்ததை இப்போதுதானே பார்த்தோம்.

3607-இன் வர்க்கமூலம் 60-ஐச் சற்றே தாண்டுகிறது. ஆக 59 வரை போதும். 2, 3, 5 இல்லை என்பது பார்த்தாலே தெரியும். மற்றவற்றுக்கு மீதிகள்: 7-க்கு 2, 11-க்கு 10, 13-க்கு 6, 17-க்கு 3, 19-க்கு 16, 23-க்கு 19, 29-க்கும் 31-க்கும் 11, 37-க்கு 18, 41-க்கு 40, 43-க்கு 38, 47-க்கு 35, 53-க்கு 3, 59-க்கு 8. எங்கும் பூச்சியம் இல்லை. பகா எண்தான்.

3803-இன் வர்க்கமூலம் 61.67. இங்கே 61-ஐயும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முந்தைய எண்ணுக்கு 59-இல் நிறுத்திய கை இதற்கும் அங்கேயே நின்றுவிடும், கவனம். 7-க்கு 2, 11-க்கு 8, 13-க்கு 7, 17-க்கு 12, 19-க்கு 3, 23-க்கு 8, 29-க்கு 4, 31-க்கு 21, 37-க்கு 29, 41-க்கு 31, 43-க்கு 19, 47-க்கு 43, 53-க்கு 40, 59-க்கு 27, 61-க்கு 21. இதுவும் பகா எண்.

எனவே 123456789 = 3² × 3607 × 3803.

ஓரத்தில் குறித்து வைத்த மீதிகளை இப்போது எடுங்கள். 7-ஆல் வகுத்தால் 3607, 3803 இரண்டுக்கும் மீதி 2, 9-க்கும் 2. பெருக்கினால் 8, அதன் மீதி 1. முதலில் கிடைத்ததும் 1. 13-க்கு 6 × 7 × 9 = 378, மீதி 1, பொருந்துகிறது. 11-க்கு 10 × 8 × 9 = 720, மீதி 5, அதுவும் பொருந்துகிறது. இலக்கக் கூட்டல் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு இலக்கங்கள் இடம் மாறிப்போனால் அது கண்டுகொள்ளாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் 11 பிடித்துவிடும்.

ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் நிறுவிய முடிவு ஒன்று இங்கே அழகாகப் பொருந்துகிறது. பெரிய எண் ஒன்றுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்பதற்கு, அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி இயல் மடக்கை எடுத்தால் கிடைப்பதுதான் வழக்கமான அளவு. நம் எண்ணுக்கு முதல் மடக்கை 18.63, அதன் மடக்கை 2.92. உண்மையில் இருப்பவை மூன்று. எல்லா எண்ணும் இவ்வளவு அடக்கமாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது பெரும்பான்மைக்கான கணக்கு.

காரணிகளிலிருந்து மற்றவை

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 3 × 2 × 2 = 12. அவை 1, 3, 9, 3607, 3803, 10821, 11409, 32463, 34227, 1,37,17,421, 4,11,52,263, 12,34,56,789. வெறும் 60-க்கும் பன்னிரண்டு காரணிகள்தான். எண் பெரிதானால் காரணிகளும் பெருகும் என்பதில்லை. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் ராமானுஜனின் 1915-ஆம் ஆண்டுக் கட்டுரை. 60 அந்த வரிசையில் வரும், நம் எண்ணுக்கு அங்கே இடமில்லை.

காரணிகளின் கூட்டுத்தொகை: (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 17,84,22,816. இங்கே 3² என்பதற்கு (1 + 3) × (1 + 3) = 16 என்று போட்டுவிடுவது வழக்கமான தவறு. அப்படிப் போட்டால் 3 என்ற காரணி இரண்டு தடவை எண்ணப்பட்டுவிடும். எண்ணையே கழித்தால் 5,49,66,027 மிஞ்சுகிறது. தன் மற்றக் காரணிகளின் கூட்டல் தன்னைவிடக் குறைவாக இருப்பதால் இது குறை எண். அந்தக் கூட்டல் எண்ணுக்கே சமமாக வரும் நிறைவெண் ஆகும் வாய்ப்பு கிட்டத்தில்கூட இல்லை.

1-இலிருந்து இந்த எண் வரை, இதனோடு பொதுக் காரணி எதுவும் இல்லாத எண்கள் எத்தனை? ஆய்லரின் ஃபை சார்பு இதைச் சொல்லும். 3²-க்கு 9 − 3 = 6, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று குறைத்து 3606, 3802. பெருக்கினால் 8,22,60,072. எண்ணில் இது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 3 தான் மூன்றில் ஒரு பங்கைத் தின்கிறது, பெரிய பகா எண்கள் இரண்டும் எடுப்பது துளிதான்.

இந்த ஃபை மதிப்பு தெரிந்தால் பின்னோக்கிப் போய்க் காரணிகளையும் பிடிக்கலாம். 13717421-க்கு ஃபை 3606 × 3802 = 13710012. எண்ணிலிருந்து இதைக் கழித்து 1 கூட்டினால் 7410, அதுவே 3607-உம் 3803-உம் சேர்ந்த கூட்டல். அதில் பாதி 3705, ஃபெர்மா வழியில் நாம் நின்ற இடம். தகவலை இரகசியமாக அனுப்பப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. மறையீட்டின் பாதுகாப்பு இரு பகா எண்களின் பெருக்கலைப் பிரிப்பது கடினம் என்பதில் நிற்கிறது. அதற்குச் சாவி உருவாக்கும்போது அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி இருக்கக் கூடாது என்று தரநிலைகள் சொல்வதற்குக் காரணம் இரண்டே அடியில் மேலே பார்த்ததுதான்.

வர்க்கங்களின் கூட்டல்

எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1. மீதி 3 வந்திருந்தால் இரண்டு வர்க்கங்களின் கூட்டல் இல்லை என்று அப்போதே சொல்லிவிடலாம். மீதி 1 வந்தால் ஆம் என்று சொல்லிவிடுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். சரியான விதி காரணிகளைப் பார்க்கிறது: 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படை அடுக்கில் இருக்க வேண்டும். 3 இரண்டு முறை வருவதால் அது சரி. 3607, 3803 இரண்டுக்கும் மீதி 3, இரண்டும் ஒரே முறை. ஆகவே இரண்டு வர்க்கங்களாக எழுத முடியாது.

மூன்று வர்க்கங்கள்? 4-இன் அடுக்குகளை நீக்கிய பிறகு 8-ஆல் வகுத்து மீதி 7 வந்தால் மட்டுமே மூன்று வர்க்கங்களாக எழுத முடியாது. இது லெஜாந்தரின் தேற்றம். நம் எண்ணுக்கு மீதி 5, ஆக முடியும். தேடுவதும் சுலபம்: 11111²-ஐக் கழித்தால் 2468 மிச்சம். அது 4 × 617, 617 = 19² + 16². எனவே

123456789 = 11111² + 38² + 32²

1 + 2 + 3 + … என்று வரிசையாகக் கூட்டி வரும் முக்கோண எண்ணா என்பதற்கு எட்டால் பெருக்கி 1 கூட்டி, வருவது வர்க்கமா என்று பார்க்க வேண்டும். 987654313. வர்க்கம் எதுவும் 3-இல் முடியாது. முடிந்தது.

கணினியில் போடும்போது

இரும எண்ணாக மாற்ற 2-ஆல் 27 தடவை வகுக்க வேண்டியதில்லை, 16-ஆல் வகுங்கள். மீதிகள் வரிசையாக 5, 1, 13, 12, 11, 5, 7. கீழிருந்து மேலாக எடுத்து ஒவ்வொன்றையும் நான்கு இரும இலக்கங்களாக எழுதினால் 111 0101 1011 1100 1101 0001 0101. ஒன்றை 1 என்று மட்டும் எழுதாமல் 0001 என்று முழுதாக எழுத வேண்டும், முன்னால் உள்ள பூச்சியங்கள் விட்டுப்போனால் எண்ணே மாறிவிடும்.

மொத்தம் 27 இரும இலக்கங்கள் என்பது நிரல் எழுதுபவருக்கு முக்கியம். தசம எண்களைச் சேமிக்கும் 32 பிட் ஃப்ளோட் வகையில் 24 இரும இலக்கங்களுக்குத்தான் இடம். மூன்று இலக்கம் போதாமல், இந்த அளவு எண்கள் 8-இன் மடங்குகளாக மட்டுமே உள்ளே உட்காரும். அதனால் 123456789-ஐச் சேமித்துத் திரும்ப எடுத்தால் 123456792 வரும். முழு எண் வகையையே பயன்படுத்துங்கள்.

எக்செலில் வர்க்கம் எடுத்தாலும் இதே தொல்லை. அது 15 இலக்கம் வரைதான் வைத்திருக்கும், மிச்சத்தைப் பூச்சியமாக்கி 15241578750190500 என்று காட்டும். பார்த்த உடனே சந்தேகப்படலாம்: 9-இல் முடியும் எண்ணின் வர்க்கம் 1-இல் முடிய வேண்டும். இலக்கங்களைக் கூட்டினாலும் 60 வருகிறது, 9-ஆல் வகுபடவில்லை. சரியான விடை 15241578750190521, இலக்கக் கூட்டல் 63.